ஒரகடத்தில் கழன்ற குல்லா

1

அடையாள அட்டையைப் புதுப்பிக்கப் போன இடத்தில் என் மகன் புதிதாக ஒரு மதத்தில் சேரப் பார்த்தான். நான்தான் குறுக்கே புகுந்து கெடுத்தேன்.

தெற்கு ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் சிற்றூரின் நகராட்சி அலுவலகம் அது. இங்கே எதற்கும் முன்பதிவு வேண்டும். முன்பதிவு செய்வது எப்படி என்று கேட்பதற்கும் ஒரு முன்பதிவு வேண்டும் என்று நான் அலுவலகத்தில் வேடிக்கையாகச் சொல்வேன்; ஒருத்தரும் சிரிக்க மாட்டார்கள். கவினுக்கு இருபத்தொரு வயது, பொறியியல் படிக்கிறான். இந்த வயதில் அப்பன் துணைக்குப் போக வேண்டியதில்லை. பழைய அட்டையைத் தொலைத்துவிட்டதால், பிறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு நானும் கூடப் போனேன்.

படம் எடுக்கும் இயந்திரத்தின் முன் அவனை உட்காரவைத்த அம்மாள், "தொப்பியைக் கழற்றுங்கள்" என்றார். கவின் மெல்லிய கறுப்புக் கம்பளிக் குல்லா போட்டிருந்தான். ஒன்றரை வருடமாக அது அவன் தலையை விட்டு இறங்கியதே இல்லை. சாப்பாட்டு மேசையிலும் குல்லா, படுக்கையிலும் குல்லா.

"கழற்ற முடியாது," என்றான்.

"மதக் காரணமோ மருத்துவக் காரணமோ இருந்தால்தான் தலையை மூடிக்கொண்டு படம் எடுக்க அனுமதி."

"மதம்தான்."

"எந்த மதம்?"

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். என் தலையைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். உனக்கு நெற்றி எங்கே முடிகிறது என்று கேட்டால் பிடரியில் என்று சொல்லலாம்; அப்படிப்பட்ட தலை. அந்தத் தலையோடு அங்கே நின்றுகொண்டிருந்த எனக்குப் பதற்றமாகிவிட்டது. பதற்றம் வந்தால் என் ஜெர்மன் மொழியில் இலக்கணம்தான் முதலில் ஓடும், கூடவே புத்தியும் ஓடிவிடும். "எங்கள் மதத்தில் மொட்டை அடிப்பதுதான் உண்டு. மூடுவது கிடையாது," என்று உளறிவைத்தேன்.

அந்த அம்மாள் சிரித்துவிட்டார். இத்தனை வருடத்தில் ஒரு ஜெர்மன் அதிகாரியை நான் சிரிக்க வைத்தது அன்று ஒருநாள்தான். கவின் எழுந்து வெளியே போய்விட்டான். அடுத்த முன்பதிவு கோடையில்தான் கிடைத்தது.

காரில் ஏறிய பிறகு ஜெர்மன் மொழியில் சொன்னான். அவனுக்குத் தமிழ் புரியும். ஆனால் பதில் மட்டும் ஜெர்மன் மொழியில்தான் வரும். "அப்பா, தினமும் காலையில் கண்ணாடியில் பார்க்கிறேன். என் தலை மேல் உங்கள் தலை வந்துகொண்டிருக்கிறது. ஆகஸ்டில் துருக்கி போகிறேன். முடி நடுவதற்குத் தேதி வாங்கியாகிவிட்டது. தயவுசெய்து எதுவும் பேசாதீர்கள்."

வண்டியை ஓரம் கட்டினேன். இந்தப் பிள்ளைக்கு நான் என்னென்னவோ கொடுத்துப் பார்த்தேன். சனிக்கிழமை தவறாமல் தமிழ்ப் பள்ளிக்குக் கூட்டிப்போனேன். கருவாட்டுக் குழம்பைப் பழக்கப் பார்த்தேன். அருப்புக்கோட்டையில் இருக்கும் சொந்தபந்தங்களின் முறையெல்லாம் சொல்லிக்கொடுத்தேன். ஒன்றும் ஒட்டவில்லை. என்னிடமிருந்து அவனுக்கு வந்து சேர்ந்தது இந்தச் சொட்டை ஒன்றுதான், அதையும் திருப்பிக் கொடுக்கத் தேதி வாங்கிவிட்டான். பிறகு வண்டியை எடுத்தேன்.

2

இந்த நாட்டில் ஒருவர் தலையைப் பற்றி இன்னொருவர் பேச மாட்டார். அது நாகரிகம். கவின் நீச்சல் குழுவில் இருந்தான். தண்ணீரில் இறங்க எல்லோர் முன்னாலும் குல்லாவைக் கழற்ற வேண்டும் என்பதால் நின்றுவிட்டான். பயிற்சியாளர், "உன் இடம் எப்போதும் காலியாக இருக்கும்" என்று அழகாக ஒரு செய்தி அனுப்பினார். ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. முடி வெட்டுகிறவர் வெட்டினார், கூட்டினார், வாய் திறக்கவில்லை. என் மனைவி சுமதி, "அவனா பேசுற வரைக்கும் நாம பேசக் கூடாது" என்றாள். நாங்களும் அப்படியே ஆகிவிட்டோம். வீட்டில் மூன்று பேர் ஒரு குல்லாவைப் பார்க்காத மாதிரியே நடமாடிக்கொண்டிருந்தோம்.

எனக்குக் கொட்ட ஆரம்பித்தபோது நான் ஸ்ரீபெரும்புதூரில் இருந்தேன். டிப்ளமோ முடித்து, பம்பருக்குப் பெயிண்ட் அடிக்கும் ஓர் ஆலையில் வேலை. பக்கத்து ஒரகடம் அப்போது ஏரியும் வயலுமாக இருந்தது. ஆலைகள் வரப்போகின்றன என்று பேச்சுதான் வந்திருந்தது. ஒருநாள் பஸ்ஸில் கண்டக்டர், "அந்த வழுக்க அண்ணே, முன்னாடி போங்கண்ணே!" என்று கத்தினார். யாரப்பா அது என்று நானும் திரும்பிப் பார்த்தேன். மொத்த பஸ்ஸும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அன்றைக்குத்தான் எனக்கே தெரியும்.

பென்னலூரில் சரோஜா அக்கா வீட்டு மாடியில் ஆறு பேர் குடியிருந்தோம். எல்லோரும் தெற்கத்திப் பையன்கள்: சாத்தூர், கோவில்பட்டி, என்னைப் போல அருப்புக்கோட்டை. எனக்கு மட்டும் இல்லை, ஆறு பேருக்கும் கொட்டியது. குளியலறைத் தண்ணீர் போகும் ஓட்டையில் அன்றாடம் ஒரு முடிக் கொத்து அடைத்துக்கொண்டு நிற்கும். யாருடைய முடி என்று தினம் ஒரு பஞ்சாயத்து. காரணம் என்ன என்று அதைவிடப் பெரிய பஞ்சாயத்து. ஆலையில் தலையை மூடிக் கட்டும் துணி என்றான் ஒருத்தன். நைட் ஷிப்ட் சூடு என்றான் இன்னொருத்தன். ஹெல்மெட், கேண்டீன் சாம்பாரில் போடும் சோடா உப்பு, காதல் தோல்வி என்று ஆளாளுக்கு ஒன்று. கடைசியில் எல்லோரும் கை நீட்டியது போர் தண்ணீரை நோக்கித்தான். பக்கெட்டில் வெள்ளை வெள்ளையாக உப்புப் படிந்திருக்கும். "பக்கெட்டுக்கே இந்தக் கதின்னா மண்டைக்கு?" என்று சாத்தூர்க்காரன் கேட்டான்.

அன்றிலிருந்து குடிக்க வாங்கும் கேன் தண்ணீரில் தலைக்குக் குளிக்க ஆரம்பித்தோம். ஒரு காலையில் சரோஜா அக்கா மாடிக்கு வந்தபோது, நான் கேனைக் கவிழ்த்துத் தலையில் ஊற்றிக்கொண்டு நின்றேன்.

"அடப்பாவிங்களா! குடிக்கிற தண்ணில தல முழுவுறீங்களே, அப்ப குடிக்கிறதுக்கு இன்னாடா பண்றீங்க?"

"போர் தண்ணி குடிக்கிறோம்க்கா."

அக்கா தலையில் அடித்துக்கொண்டார். பிறகு படி இறங்கிப் போய், வயலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கணவரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து எங்கள் முன்னால் தலையைக் குனியவைத்தார். "பாருங்கடா. இவரு பொறந்ததுலேர்ந்து இதே தண்ணிதான். மண்ட ஈச்சம் பொதரு மாரி கீது. எங்க அண்ணன் மறைமலை நகர்ல முனிசிபாலிட்டி தண்ணி ஊத்திக்கினு கீறான், தல தோசக்கல்லு கணக்கா கீது. தண்ணியாம் தண்ணி! போய் சோறு துன்னுங்கடா ஒழுங்கா." பாவம், அந்த மனிதர் எதற்குத் தலை குனிந்தோம் என்றே தெரியாமல் கொஞ்ச நேரம் குனிந்தபடி இருந்தார்.

அதன் பிறகு வார விடுமுறைகளில் அக்கா எண்ணெய் காய்ச்சிக் கொடுப்பார். வெளிப்பக்கம் இருந்த மாடிப்படியில் படிக்கு ஒருவராக உட்காருவோம். மேலே இருப்பவன் கீழே இருப்பவன் தலையில் தேய்க்க வேண்டும். மேல்படிக்காரனுக்குத் தேய்க்க ஆள் இருக்காது என்பதால் கடைசியில் அவன் இறங்கிவந்து கீழ்ப்படியில் உட்காருவான். ரயில் என்று அதற்குப் பெயர். என் தலையில் தேய்ப்பதற்கு எதுவும் மிஞ்சாத காலம் வந்தபோது நான் ரயிலில் ஏறாமல் ஒதுங்கி நின்றேன். "எனக்கு எதுக்குக்கா, வெறும் மண்டையில?" என்றேன். சரோஜா அக்கா கீழேயிருந்து ஒரு அதட்டுப் போட்டார்: "முடி இல்லாங்காட்டி இன்னா, தல கீதுல்ல? உக்காரு!"

உட்கார்ந்தேன். நன்றாகத்தான் இருந்தது.

3

கவினின் படிப்பில் மூன்று மாதம் ஓர் ஆலையில் பயிற்சி எடுக்க வேண்டும். உலகத்தில் எங்கே வேண்டுமானாலும் எடுக்கலாம். அவன் ஒரகடத்தைத் தேர்ந்தெடுத்தபோது நானும் சுமதியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பூர்வீகப் பாசம் என்று சுமதி கண் கலங்கினாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தெரிந்த முகம் ஒன்றும் இல்லாத இடத்தில் துருக்கித் தேதி வரும்வரை நாளைக் கடத்தப் பார்க்கிறான் என்று நினைத்தேன். நான் நினைத்ததுதான் சரி. பிறகு அவனே சொன்னான்.

சரோஜா அக்காவுடன் எனக்குத் தொடர்பு விட்டுப்போகவில்லை. பென்னலூரில் மாடி மேல் மாடி எழுப்பி இப்போதும் ஆலைப் பையன்களுக்கு வாடகைக்கு விடுகிறார். கவினை அங்கேயே தங்கவைத்தேன். ஆனால் எனக்கு உள்ளூரப் பயம். நம் ஊர் வாய் எனக்குத் தெரியாதா? போன அன்றைக்கே "என்னடா சொட்டை" என்பார்கள். பிள்ளை அடுத்த விமானத்தில் ஏறி நேராகத் துருக்கியில் போய் இறங்கிவிடுவான். அதனால் அக்காவைக் கூப்பிட்டு, "அக்கா, அவன் தலையப் பத்தி மட்டும் யாரும் எதுவும் கேக்க வேண்டாம்" என்று கெஞ்சினேன்.

"நீ இன்னாத்துக்குக் கவலப்படுற? ஒருத்தன் வாயத் தொறக்க மாட்டான். நான் கேரண்டி," என்றார்.

கேரண்டி என்றால் அப்படி ஒரு கேரண்டி. மூன்று மாடிகளிலும் ஏறி இறங்கி, "ஜெர்மனிலேர்ந்து ஒரு புள்ள வருது. அதும் தலைல ஏதோ கீது. எவனும் பாக்கக் கூடாது, கேக்கக் கூடாது" என்று சொல்லிவைத்துவிட்டார். சொன்ன சொல்லைத் தட்டாத பையன்கள். கவின் படியேறினால் பேச்சு நின்றுவிடும். சாப்பிட உட்கார்ந்தால் எல்லோரும் தட்டையே பார்ப்பார்கள். அவன் குல்லா பக்கம் தப்பித்தவறிக்கூட ஒரு கண் போகாது.

போனில் அவன் குரல் நாளுக்கு நாள் கீழே போனது. "இங்கேயும் அப்படித்தான் அப்பா. யாரும் என்னைப் பார்ப்பதில்லை," என்றான். வெளியே தார் உருகும் வெயில். கம்பளிக் குல்லாவுக்குள் இவன் தலை அவிந்துகொண்டிருந்தது. எந்தப் பேச்சுக்குப் பயந்து அக்காவிடம் கெஞ்சினேனோ, அந்தப் பேச்சு மட்டும் இருந்திருந்தால் பிள்ளை இப்படி ஒடுங்கியிருக்க மாட்டானே என்று நான் இங்கே தவித்தேன். துருக்கி ஆஸ்பத்திரியிலிருந்து தேதியை நினைவூட்டிச் செய்தி வந்ததாகவும் சொன்னான்.

4

அடுத்து நடந்ததை எனக்குச் சொன்னவன் இசக்கி. தெற்கே ஏரல் பக்கத்துப் பையன். கவினுடன் அதே அறையில் இருப்பவன், கவின் பயிற்சி எடுக்கும் அதே கூடத்தில் பம்பருக்குப் பெயிண்ட் அடிப்பவன். என்னை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவான்.

பெயிண்ட் அடிக்கும் கூடத்துக்குள் ஒரு தூசு போகக் கூடாது. உடம்பு முழுக்க நூல் பிரியாத அங்கி, தலையையும் கழுத்தையும் சேர்த்து மூடும் முகமூடித் துணி, உள்ளே போகுமுன் காற்றடித்துத் தூசைத் தட்டும் ஓர் அறை. நானும் அந்த வேலை பார்த்தவன் என்பதால் தெரியும்: ஈரப் பெயிண்டில் விழும் ஒரு முடி, ஒரு முழு பம்பரைக் கெடுக்கும். தேய்த்து, பாலிஷ் போட்டு, சில சமயம் முழுக்க மறுபடி அடிக்க வேண்டிவரும்.

சில நாட்களாக வெள்ளை பம்பர்களில் கறுப்பாக ஒரு சுருள் விழுந்துகொண்டிருந்தது. இன்று ஒன்று, நாளை இரண்டு. "முடி" என்றார்கள். ஷிப்டில் எல்லோரும் தலைத்துணியை இறுக்கிக் கட்டினார்கள். நின்றபாடில்லை. கவின் அந்த நாட்களில் சாப்பிடவில்லை என்று இசக்கி சொன்னான். யாருடைய முடி என்று தனக்குத் தெரியும் என்று கவின் நினைத்திருக்கிறான். கொட்டுவது யாருக்கு? அவனுக்குத்தானே.

ஒருநாள் சூப்பர்வைசர் ஒரு பம்பரிலிருந்து அந்தச் சுருளைக் கத்தி முனையில் எடுத்து, சோதனைக் கூடத்துக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் ஷிப்டை வரிசையாக நிறுத்தினார்.

"முடி இல்லைய்யா இது. கம்பளி நூல். எவன்யா அது, இந்த வெயில்ல கம்பளி போட்டுக்கினு உள்ள வர்றவன்?"

வரிசையில் நின்றவர்களில் கவினின் அறைக்காரர்கள் மூன்று பேர். அந்த உச்சி வெயிலிலும் ஒரகடத்தில் கம்பளி போடுகிற ஒரே ஆள் யார் என்று அவர்களுக்குத் தெரியாதா? முகமூடித் துணிக்கு அடியில் குல்லா இருப்பது தெரியாதா? ஒருத்தன் வாய் திறக்கவில்லை. கை காட்டவில்லை. "பாக்கக் கூடாது, கேக்கக் கூடாது" என்று அக்கா சொன்னது ஒரு பக்கம். கூட இருக்கிறவனைக் காட்டிக்கொடுப்பதாவது என்பது இன்னொரு பக்கம். "அந்த மாச ஊக்கத்தொக எல்லாருக்கும் போவும்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு அண்ணாச்சி. போனாப் போவுதுன்னு நின்னோம்," என்றான் இசக்கி. இதைக் கேட்டபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த ஊக்கத்தொகையில்தான் இவர்கள் வீட்டுக்கு அனுப்புவது, தங்கச்சியைப் படிக்கவைப்பது எல்லாம். முந்தாநாள் வந்த ஒரு வெளிநாட்டுப் பிள்ளைக்காக அதை விடத் தயாராக நின்றார்கள்.

கவினே முன்னால் வந்தான். முகமூடித் துணியை இழுத்தான். குல்லாவைக் கழற்றிச் சூப்பர்வைசர் கையில் கொடுத்தான். வெளிச்சம் கண்ணைக் கூசும் அந்தக் கூடத்தில், இருபக்கமும் ஏறிய நெற்றியும் உச்சியில் மெலிந்த வட்டமுமாக நின்றான்.

இசக்கிதான் பொறுக்க முடியாமல் கேட்டிருக்கிறான்.

"ஏல, இம்புட்டுதானா? நாங்க உனக்குக் கொம்பு கிம்பு மொளச்சிருக்குன்னுல்லா நெனச்சோம்!"

கூடமே வெடித்துச் சிரித்தது. சூப்பர்வைசர் தன் தலைத்துணியை எடுத்தார். உள்ளே என் தலைக்கு அண்ணன் மாதிரி ஒரு தலை. "இதுக்கா தம்பி என் பம்பரெல்லாம் நாசம் பண்ண? இந்தத் தலையோட எனக்குக் கல்யாணம் ஆயி ரெண்டு பொண்ணு கீது. போ, போய் வேற துணி கட்டிக்கினு வா," என்றார். ஊக்கத்தொகையிலும் கை வைக்கவில்லை. நல்ல மனுஷன், நன்றாக இருக்கட்டும்.

கவின் அன்று சிரித்தானா அழுதானா என்று இசக்கியிடம் கேட்டேன். "ரெண்டும்தான் அண்ணாச்சி. நம்ம பய மாதிரியே," என்றான்.

5

தடை உடைந்ததா, அடக்கிவைத்த பேச்செல்லாம் ஏரி மதகு திறந்தது மாதிரி கொட்டியது. அன்று சாயங்காலம் மூன்று மாடிப் பையன்களும் கவினின் அறையில்தான். சின்ன வெங்காயத்தை அரைத்துத் தேய் என்றான் ஒருத்தன். கரிசலாங்கண்ணி, செம்பருத்தி, வெந்தயம் என்று மற்றவர்கள். காரணங்களோ நான் கேட்ட அதே காரணங்கள்: ஹெல்மெட், நைட் ஷிப்ட், சூடு, போர் தண்ணீர். எங்கள் காலத்துச் சோடா உப்பு போய் இப்போது பிரியாணியும் செல்போனும் சேர்ந்திருக்கின்றன. இசக்கிக்கு இரண்டு மூன்று மாதமாகக் கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறதாம். இத்தனை நாள் அவன் அதைப் பற்றிக் கவின் முன்னால் வாயே திறக்காமல் இருந்திருக்கிறான். பிள்ளை மனம் புண்படுமே என்று!

சரோஜா அக்கா ஒரே அதட்டில் முடித்தார். "ஆளாளுக்கு டாக்டராவாதீங்கடா. நெசமான டாக்டராண்ட போங்க."

ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தோல் டாக்டரம்மா. ஒருத்தனுக்குச் சீட்டு வாங்கிவிட்டு மூன்று பேர் உள்ளே போயிருக்கிறார்கள்: கவின், இசக்கி, அறைத்தோழன் மாரி. அதை அன்று கவின் என்னிடம் போனில் சொன்னான். அரை மணி நேரம். தமிழில்! பென்னலூரும் ஏரலும் கலந்த ஒரு தமிழில், இடையில் ஜெர்மன் சொற்கள் தட்டுப்பட, என் மகன் என்னிடம் அரை மணி நேரம் பேசினான். சுமதி அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

டாக்டரம்மா முதலில் இசக்கியைக் கேட்டாராம், சமீபத்தில் காய்ச்சல் வந்ததா என்று. பொங்கலுக்கு முன்னால் டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறான். "அதான். பெரிய காய்ச்சல் வந்தா ரெண்டு மூணு மாசம் கழிச்சு இப்படிக் கொட்டும். பயப்படாத, தானா வளரும்," என்றிருக்கிறார். மாரி, உடம்பைக் குறைக்கிறேன் என்று மாதக்கணக்கில் ஒருவேளைச் சாப்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தவன். அவனுக்கு ரத்தப் பரிசோதனை எழுதிக்கொடுத்து, இரும்புச் சத்தும் தைராய்டும் பார்த்துவிட்டு வா, முதலில் ஒழுங்காகச் சாப்பிடு என்றிருக்கிறார். அரிப்பும் பொடுகும் இருந்தால் அதற்கும் தனியாக வைத்தியம் உண்டாம்.

கவினின் முறை வந்ததும் தலையைக் குனியச் சொல்லி விளக்கடித்துப் பார்த்தாராம். வீட்டில் யாருக்காவது உண்டா என்று கேட்டாராம். இவன் போனில் என் படத்தை எடுத்துக் காட்டியிருக்கிறான்.

"யாரு இது?"

"அப்பா."

"சரி. வேற டெஸ்டே வேண்டாம்."

மூன்று பேரும் சிரித்தார்களாம். நானும் சிரித்தேன். சுமதியும் சிரித்தாள், அவளுக்கு அந்தச் சிரிப்பு தேவையில்லை, அவள் அண்ணன் தலையும் என் தலைக்குப் பங்காளிதான். அம்மா பக்கம், அப்பா பக்கம் இரண்டிலிருந்தும் வரலாம் என்று அந்த டாக்டரம்மா சொல்லியிருக்கிறாரே!

குல்லா போட்டதாலா என்று கவின் கேட்டிருக்கிறான். குல்லாவால் கொட்டாது, ஹெல்மெட்டாலும் கொட்டாது, இது பிறப்பிலேயே வந்தது, யாருடைய தப்பும் இல்லை என்றாராம். தினமும் தடவ ஒரு மருந்து உண்டு, சிலருக்கு நன்றாகக் கேட்கும், நிறுத்தினால் பலனும் நிற்கும். மாத்திரை என்றால் பக்க விளைவுகளைப் பேசி, யோசித்துத்தான். துருக்கி விஷயத்தைச் சொன்னதும் பேனாவை வைத்துவிட்டாராம். "இருபத்தொண்ணுலயா? இன்னும் எங்கெங்க கொட்டும்னே முடிவாகலையேப்பா. இப்ப நட்டா, நட்டது நிக்கும், சுத்தி இருக்கிறது போயிடும். நடுவுல தீவு மாதிரி நிக்கும். கொஞ்ச வருஷம் பொறு. அப்பவும் வேணும்னு தோணினா செஞ்சுக்கோ."

கிளம்பும்போது இசக்கி கதவருகே நின்று, "இருந்தாலும் டாக்டரம்மா, தண்ணியும் ஒரு காரணம்தான?" என்று கேட்டிருக்கிறான். தண்ணீரில் உப்பிருந்தால் முடி வறண்டு சிக்காகும், வேரோடு போகாது என்று அவர் விளக்கியும் இவனுக்கு மனம் ஒப்பவில்லையாம். போர் தண்ணீர் மேல் தெற்கத்திக்காரன் வைத்த சந்தேகம், லேசில் தீராது.

எல்லாம் சொல்லி முடித்தான் கவின். பிறகு, "ஆகஸ்ட் இல்லப்பா. சொல்லிட்டேன் அவங்களுக்கு," என்றான்.

நான் சரி என்று மட்டும் சொன்னேன்.

6

கவின் கோடையில் திரும்பிவந்தான். விமான நிலையத்தில் குல்லா இல்லாமல்தான் நின்றான். முடியை ஒட்ட வெட்டியிருந்தான். நெற்றி நெற்றியாகவே தெரிந்தது. நகராட்சி அலுவலகத்தில் அதே அம்மாள், அதே இயந்திரம். இவன் போய் உட்கார்ந்தான், படம் எடுத்தார்கள், முடிந்தது. அந்த அம்மாள் அவன் தலையைப் பார்க்காதது போல் நாகரிகமாகத் திரைப்பக்கம் திரும்பிக்கொண்டார். "பார்க்கலாம், பரவாயில்லை. எங்கள் மதத்தில் சேர்ந்துவிட்டேன்," என்றான் கவின். அந்த அம்மாள் இரண்டாவது முறையாகச் சிரித்தார்.

மருந்து தடவுகிறான். நீச்சலுக்குப் போகிறான். முடி நிற்குமா போகுமா, பின்னாளில் நட்டுக்கொள்வானா மாட்டானா, அது அவன் பாடு.

வெளிநாட்டில் பிள்ளைகள் கையை விட்டுப் போகிறார்கள் என்று நாங்கள் இங்கே கூடும்போதெல்லாம் புலம்புவோம். நானும் மேடை போட்டுப் புலம்பியிருக்கிறேன். எங்களால் முடியாததைப் பென்னலூரில் ஒரு வாடகை அறையில், ஷிப்ட் முடிந்து வந்த களைப்பில், சம்பளத்தில் பாதியை ஊருக்கு அனுப்பிவிட்டு மீதியில் சோறாக்கித் தின்னும் பையன்கள் செய்துவிட்டார்கள். அதற்காக அவர்கள் பாடம் எதுவும் நடத்தவில்லை. கேட்கக் கூடாது என்றபோது கேட்காமல் இருந்தார்கள். கேட்கலாம் என்றபோது கொம்பு இருக்கிறதா என்று கேட்டார்கள். அந்தப் பிள்ளைகளை நினைத்தால் எனக்குக் கர்வமாக இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை, எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் படிக்கட்டிலிருந்து கவின் "யோவ் அப்பா" என்று கூப்பிட்டான். சரோஜா அக்கா தன் கணவரை "யோவ்" என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கற்றுக்கொண்டது. சுமதிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. போனேன். அவன் கையில் ஒரு கிண்ணத்தில் காய்ச்சிய நல்லெண்ணெய். பென்னலூர்ப் படியில் அக்காவின் ரயில் இன்னும் ஓடுகிறதாம். அவன் கீழ்ப்படியில் உட்கார்ந்தான், நான் மேல்படியில் உட்கார்ந்து தேய்த்தேன். அந்த மெலிந்த உச்சி என் உள்ளங்கைக்குச் சரியாக இருந்தது. குழந்தையாக இருந்தபோது தொட்டது. அதன் பிறகு இப்போதுதான் தொடுகிறேன்.

மேல்மாடிப் பெண்மணி காய்கறிப் பையுடன் வந்தவர் எங்களைப் பார்த்துத் திகைத்து நின்றார். இத்தனை வருடத்தில் வணக்கம் தவிர வேறு பேசாதவர், "இது முடி வளர்வதற்கா?" என்று கேட்டேவிட்டார்.

"இல்லை. டாக்டர் சொன்னார், ஒரு பயனும் கிடையாது," என்று கவின் ஜெர்மன் மொழியில் சந்தோஷமாகச் சொன்னான். அவர் இன்னும் குழம்பிப்போய், எங்களைத் தாண்டிப் படியேறினார்.

தேய்த்து முடித்ததும் கவின் எழுந்தான். கிண்ணத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, ஆள்காட்டி விரலால் கீழ்ப்படியைக் காட்டினான்.

"எனக்கு எதுக்குடா, வெறும் மண்டையில?"

"முடி இல்லாங்காட்டி இன்னாப்பா, தல கீதுல்ல?" என்றான் என் மகன். "உக்காரு."